வண்டிக்கு வாயுத் தொல்லை

எங்கள் காரில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்பதை மிஸ்திரி முதன்முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதக் காலை. கல்கத்தாவின் பெஹாலாவில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்பக்கம், ஒரு வேப்பமரத்தில் பாதியும் மூங்கிலில் பாதியுமாகத் தொங்கிய தார்ப்பாய்க்குக் கீழே அவருடைய ஒர்க்‌ஷாப் இருந்தது. ரேடியேட்டரில் அடிக்கடி தண்ணீர் குறைகிறது என்று வண்டியைக் கொண்டுபோயிருந்தேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டு, "தாதா, கேஸ் ஹோயேச்சே" என்றார்.

அண்ணா, வாயு உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். கல்கத்தாவில் ஒரு மாதம் குடியிருந்தவர்களுக்குக்கூட இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். அங்கே தலைவலித்தால் கேஸ், முழங்கால் வலித்தால் கேஸ், பையன் பரீட்சையில் கோட்டைவிட்டால் அதற்கும் முந்தின நாள் கேஸ். எங்கள் அலுவலகத்துத் தலைமை எழுத்தர் வருடத்தில் பாதி நாள் கேஸ் என்று லீவு எழுதுவார், மீதி நாள் மற்றவர்களுடைய கேஸுக்கு மருந்து சொல்வார். அதனால் மிஸ்திரி என் வண்டிக்கும் வயிற்றுக் கோளாறு கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மாத்திரை கொடுத்துப் பாக்கலாமா?" என்று என் வங்காளியில் கேட்டேன். அவரும் சிரித்தார். சிரிக்கப் பிடித்தவர், ஆபீசர் சொன்ன ஜோக் என்பதால் கொஞ்சம் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் சொல்லவந்தது அடித்துக்கொண்டு போய்விட்டது.

அவர் பார்த்தது தண்ணீரில் எழுந்த குமிழிகளை. எஞ்சினில் அடியில் ஒரு கனத்த இரும்புப் பெட்டி, மேலே ஹெட் என்கிற கனத்த மூடி. இரண்டுக்கும் நடுவே அப்பளத்தைவிடச் சற்றே தடித்த ஒரு தகடு. அதுதான் ஹெட் கேஸ்கெட். உள்ளே எரிகிற நெருப்பும், சூட்டைத் தணிக்கிற தண்ணீரும், எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காமல் அதனதன் வழியில் போவது அந்தத் தகட்டின் தயவில். அது ஓரிடத்தில் எரிந்துபோனால், நெருப்பின் புகை தண்ணீரின் பாதைக்குள் புகுந்து ரேடியேட்டரில் குமிழியிடும். மிஸ்திரி கேஸ் என்றது அதை. இயற்பியலிலும் அதற்குப் பெயர் கேஸ்தான். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். வாயுக்களின் விதிகளை இரண்டு வருடம் படித்து முதல் வகுப்பில் தேறியவன். அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே அந்தச் சொல்லை அதன் சரியான பொருளில் புரிந்துகொள்ளக் கடமைப்பட்டிருந்த ஒரே ஆள் நான். நான் அதை வயிற்றோடு சேர்த்துப் புரிந்துகொண்டேன்.

அதோடு நிற்கவில்லை. "என் காருக்கு வாயுத் தொல்லை" என்று அதை ஒரு கதையாக்கி அலுவலகத்தில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மூர்க் குடும்பங்கள் கூடுகிற இடங்களில் சொன்னேன். மிஸ்திரியின் குரலை அப்படியே செய்துகாட்டுவேன். கேட்டவர்களே மறுபடி கேட்டார்கள். என் மனைவி காபி கொண்டுவந்து வைக்கும்போது, கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, சிரிப்பு வரும் வரைக்கும் நின்றுவிட்டுப் போவாள்.

அந்த வண்டி என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. எனக்கு அலுவலகம் போக ஸ்டாஃப் பஸ் உண்டு. அவள் பூகோளத்தில் பட்டம் பெற்று, பி.எட். முடித்து, வேலைக்குச் சேர இருந்த மாதத்தில் எனக்குக் கழுத்தை நீட்டியவள். பிறகு என் துறைமுக வேலை எங்களை ஒவ்வொரு துறைமுகமாக இழுத்துக்கொண்டு போனது. ஊர்களை அவள் வரைபடத்தில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவள்; அதற்குப் பதிலாக அவற்றில் பால் கார்டு மாற்றிக்கொண்டிருந்தாள். மகள் தெற்கே கல்லூரி விடுதிக்குப் போனபிறகு, வீட்டில் பகல் நீண்டுபோய்விட்டது. அவளாகவே விசாரித்து, அவளாகவே போய்ப் பேசி, பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்கு வாய் வார்த்தை வாங்கிவந்தாள். துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் சேர வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். அது காலைப் பிரிவு. கல்கத்தாப் பள்ளிகளில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, பகலில் ஒரு பள்ளி நடக்கும். காலைப் பிரிவுக்கு ஆறரை மணிக்கு மணியடிப்பார்கள். பெஹாலாவிலிருந்து அந்த நேரத்தில் பாலிகஞ்ச் போக இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டும் வரவேண்டும். "கார் இருக்குல்ல, நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றாள். சொன்னதோடு டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். நான் வாங்கியது மூன்றாவது தடவையில். இதை நான் அன்றைக்குக் கதையாக்கவில்லை.

அவள் நன்றாக ஓட்டினாள். ஆனாலும் தனக்குத்தானே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டாள். பள்ளி வரைக்கும் ஒரு தடவை தானே ஓட்டிப்போய்த் திரும்பிவிட்டால் வேலைக்குச் சம்மதம் சொல்வது, இல்லையென்றால் விட்டுவிடுவது. தலைமை ஆசிரியை அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தார்.

இதற்கிடையில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. எங்கேதான் போகிறது? நான் கோட்பாடு வகுத்தேன். முதல் கோட்பாடு, வங்காளத்து வெயிலில் ஆவியாகிறது. மழைக்காலம் வந்து, ஊரே தண்ணீரில் நின்றபோதும் ரேடியேட்டரில் மட்டும் தண்ணீர் வற்றியது. இரண்டாவது கோட்பாடு, மூடி சரியில்லை. மூன்றாவது, தண்ணீர் பம்ப். மிஸ்திரி இரண்டையும் மாற்றிக்கொடுத்தார். நான் பம்ப் என்றால் அவருக்கும் பம்ப்தான். ஒரு தடவை மட்டும் கேஸ் என்று மறுபடி தொடங்கினார். நான் வயிற்றைத் தடவிக்காட்டினேன். அவர் சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

மனைவியும் சொன்னாள். "காலையில ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் நொண்டுது. பின்னால புகை வெள்ளை வெளேர்னு வருது."

"ஈரம். மழைக்காலம் இல்லியா" என்றேன்.

எண்ணெய் ஊற்றுகிற மூடியை ஒருநாள் திறந்தபோது அதன் உட்புறத்தில் கடைந்த வெண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. எண்ணெயும் தண்ணீரும் கலந்தால் அப்படித்தான் ஆகும் என்று இப்போது எந்த வண்டிக்காரனும் சொல்வான். பெட்ரோல் பங்கில் கலப்பட எண்ணெய் விற்கிறார்கள் என்று நான் முடிவுசெய்தேன். நாட்டின் நிலைமையைப் பற்றி அன்று மாலை முழுவதும் வருத்தப்பட்டேன்.

அடுத்து வந்தது சூடு காட்டும் முள். மீட்டரில் அது மெல்ல மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தி, ஆறியதும் ரேடியேட்டரைப் பார்த்தால், காலையில் நான் ஊற்றிய தண்ணீர் கழுத்துவரை நிற்கிறது. தண்ணீர் நிறைய இருக்கும்போது சூடு ஏறக் காரணமில்லை. ஆகவே முள் பொய் சொல்கிறது. இயற்பியல் படித்தவனின் தர்க்கம். முள்ளைக் குற்றவாளியாக்கியபின் தண்டனை கொடுக்க வேண்டுமே. எஞ்சினிலிருந்து அந்த மீட்டருக்குப் போகிற ஒற்றை ஒயரைப் பிடுங்கி, அதன் நுனியில் நீல இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். முள் கீழே படுத்துக்கொண்டது. பார்க்க நிம்மதியாக இருந்தது. புதிதாக ஓட்டுகிறவள், முள் ஏறுவதைப் பார்த்துப் பயந்து நடுரோட்டில் நிறுத்திவிடுவாள், அவள் நன்மைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பரில், நம் ஆயுத பூஜை மாதிரி அங்கே கொண்டாடுகிற விஸ்வகர்மா பூஜைக்கு முந்தின சனிக்கிழமை, அவள் தன் பரீட்சைப் பயணத்துக்குப் புறப்பட்டாள். நான் பக்கத்து சீட்டில், உதவிக்கு. டயமண்ட் ஹார்பர் ரோட்டில் நெரிசலைத் தாண்டி, தாராதலா தாண்டி, மாஜேர்ஹாட் பாலத்தில் ஏறினாள். பாலத்தின் உச்சிக்குச் சற்று முன்னால் காய்ச்சிய இரும்பின் வாடை வந்தது. அடுத்த நிமிடம் பானெட்டின் இரு பக்கமும் ஆவி பீறிட்டது. எஞ்சின் ஒருமுறை குலுங்கி நின்றது. அவள் பதறவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி எடுத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

பின்னால் ஒரு மினிபஸ். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி தகரத்தைத் தட்டி, "தாதா, சா ஹோலோ?" என்று கேட்டான். டீ ஆயிற்றா என்று. பஸ் முழுக்கச் சிரித்தது. மற்றவனை வைத்துக் கதை சொல்லியே பழகிய எனக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினேன்.

"முள்ளப் பாக்கலியா நீ?"

"பாத்தேனே. அசையவே இல்லை."

"அசையாம எப்படி இவ்வளவு சூடாகும்? நீ ரோட்டையே பாத்துட்டு இருந்திருப்ப."

"ரோட்டைப் பாக்காம வேற எதைப் பாக்கறது?" என்றாள். அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

நீல டேப் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. சரியாக அந்த நேரத்தில், அவள் கேட்டு முடித்த உடனே. வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவும் செய்தேன். "செகண்ட் கியர்லயே பாலம் ஏத்தினா எந்த எஞ்சின் தாங்கும்? வெந்துபோச்சு" என்று சொன்னேன். பாலத்தை எல்லோரும் செகண்ட் கியரில்தான் ஏற்றுவார்கள். நானும்தான்.

அவள் இறங்கிப் போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்றுகொண்டாள். கீழே ரயில் தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் அனுப்பிச் சொன்னதும் மிஸ்திரி இன்னொரு வண்டியில் கயிற்றோடு வந்து எங்களை இழுத்துப்போகும் வரைக்கும் நான் பானெட்டைத் திறப்பதும் மூடுவதுமாக, ஏதோ செய்துகொண்டிருப்பவன் மாதிரி நின்றேன்.

மறுநாள் அவள் முடிவைச் சொன்னாள். அழவில்லை, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இது சரிப்படாதுங்க. தெரியாம ஒரு எஞ்சினையே எரிச்சிட்டேன். நாளைக்கு ஸ்கூல் வாசல்ல வச்சு எரிச்சா என்ன பண்றது? ஆபீஸ்ல இருந்து அவங்களுக்கு ஒரு போன் போட்டு வரலைன்னு சொல்லிடுங்க." எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. திங்கட்கிழமை சொல்வதாகத் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை காலை முதலில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மிஸ்திரி ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்திருந்தார். மூன்று கரிபிடித்திருந்தன. ஒன்று மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தது. "இவருதான் தினமும் குளிக்கிறவரு" என்றார். பிளக் இல்லாமல் எஞ்சினைச் சுற்றவைத்தார். அந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பிறகு தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, மேல் கவரை எடுத்து, ஹெட்டைப் பிடித்திருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஹெட்டைத் தூக்கினோம். கேஸ்கெட் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டே வந்தது. அதில் ஒரு சிலிண்டர் வட்டத்துக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே, பூச்சி அரித்ததுபோல் ஒரு கரிய கால்வாய் ஓடியிருந்தது. என் கோட்பாடுகள் எல்லாம் அதன் வழியாகத்தான் வெளியேறியிருந்தன.

மிஸ்திரி அந்தக் கால்வாயை விரலால் தடவினார். "இது நேத்து ஆனது இல்லை, தாதா. பொய்ஷாக் மாசத்திலயே ஆனது. நான்தான் கேஸ்னு சொன்னேனே, நீங்க மாத்திரை கொடுக்கச் சொன்னீங்க." பொய்ஷாக் என்பது நம் சித்திரை. "பௌதி ஓட்டினாலும் இதுதான், கவர்னர் ஓட்டினாலும் இதுதான். ஆனா ஒரு விஷயம். பௌதி முள்ளைப் பாத்து முன்னாடியே நிறுத்தியிருந்தா ஹெட் வளையாம தப்பிச்சிருக்கும்." அங்கே அண்ணியைப் பௌதி என்பார்கள்; வாடிக்கையாளர்களின் மனைவிமார் எல்லோரும் அவருக்குப் பௌதிதான். சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் கைவிட்டவர் ஒயரை இழுத்து வெளியே எடுத்தார். நீல டேப். "இதை யாரு கழட்டினது?"

"எலி" என்றேன். எலிகள் வண்டிக்குள் புகுந்து ஒயரைக் கடிப்பது அங்கே வழக்கம்தான்.

அவர் டேப்பைத் திருப்பிப் பார்த்தார். மூன்று சுற்று, நுனி மடித்து, நேர்த்தியாக இருந்தது. "கல்கத்தா எலி, தாதா. படிச்ச எலி. டேப் ஒட்டிட்டுத்தான் போகும்" என்றார். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

ஹெட்டைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி, வளைந்த அடிப்பாகத்தைச் சமமாகச் சீவிக்கொண்டு வர வேண்டும். நடுவில் விஸ்வகர்மா பூஜை, அன்று யாரும் ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். அது கழிந்து இரண்டொரு நாளில் வண்டி தயாராகிவிடும் என்றார். பள்ளி திறக்க அதற்குப் பிறகும் பல வாரங்கள் இருந்தன.

இப்படி எல்லாம் தெரிந்துகொண்டுதான் அலுவலகம் போனேன். மேசையில் போன் இருந்தது. அவள் எரிக்கவில்லை. எரிந்திருந்ததை நான் ஐந்து மாதம் மூடி மறைத்தேன். எச்சரிக்கிற ஒரே பொருளையும் அவள் கண்ணிலிருந்து பிடுங்கிவிட்டு, அவளை ஓட்டவிட்டேன். மாலை வீட்டுக்குப் போய் இந்த மூன்று வாக்கியத்தைச் சொன்னால் போதும், போன் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மனைவி வேலைக்குப் போகக் கூடாது என்று நினைக்கிற ஆள் இல்லை நான். அப்படி நினைத்திருந்தாலாவது அதை ஒரு கொள்கை என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது மட்டும். சிரித்த வாயால் அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. எண்களைச் சுழற்றினேன்.

தலைமை ஆசிரியை பொறுமையாகக் கேட்டார். கார் ஓட்டும்போது ஒரு சின்ன அசம்பாவிதம், பயந்துவிட்டாள், வரமுடியாது என்றேன். அவர் வருத்தப்பட்டார். அவசரப்பட வேண்டாம், மகாளயம் வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன், ஒருமுறை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். மிகவும் நன்றி, ஆனால் அவள் தீர்மானமாக இருக்கிறாள், வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவு பிழையில்லாத ஆங்கிலம் எனக்கு எப்போதும் வருவதில்லை.

"சொல்லிட்டீங்களா?" என்று மாலையில் கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

அந்த வாரம் முழுவதும் நான் ஒர்க்‌ஷாப்பே கதி என்று கிடந்தேன். வண்டி மேல் அக்கறை என்று அவள் நினைத்திருப்பாள். உண்மையில் நான் காவல் இருந்தேன். மிஸ்திரியும் அவளும் சந்தித்துவிடக் கூடாது. "நீ வராத, அங்க ஒரே கிரீஸு" என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். விஸ்வகர்மா பூஜையன்று மிஸ்திரி குடும்பத்தோடு அழைத்திருந்தார். அவளுக்குத் தலைவலி என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். ஊர் முழுக்க மொட்டைமாடிகளில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தலை கழற்றிய என் எஞ்சினுக்குச் செவ்வந்தி மாலை போட்டு, குங்குமம் வைத்திருந்தார்கள். பலிபீடம் மாதிரி இருந்தது. "பௌதிக்குத் தலைவலியா? கேஸா இருக்கும்" என்று மிஸ்திரி வருத்தமாகச் சொல்லி, அவளுக்கும் சேர்த்துக் கிச்சடி கட்டிக்கொடுத்தார்.

வேலையை அவர் நன்றாகவே செய்தார், ஒரு தடவை வால்வு இடைவெளியைத் தப்பாக வைத்து எஞ்சினைத் தையல் மிஷின் மாதிரி கடகடக்க வைத்ததைத் தவிர. சீவிவந்த ஹெட்டின் மேல் இரும்பு ஸ்கேலைக் குறுக்காக நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். தெரியவில்லை. புதுத் தகட்டை வைத்து, ஹெட்டை இறக்கி, நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரே ஓட்டில் முறுக்கினால் தகடு மறுபடி கிழியுமாம். எஞ்சினைச் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி ஒரு சுற்று. ஒயரையும் அவரே மாட்டினார். வண்டி அப்புறம் ஒரு நாளும் சூடாகவில்லை. மாஜேர்ஹாட் பாலத்தில் செகண்ட் கியரில் ஏற்றிப் பார்த்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

மகாளய அமாவாசை வந்தது. கல்கத்தாவில் அன்று விடியுமுன் வீட்டுக்கு வீடு ரேடியோவில் தேவி துதி பாடும். படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இன்று ஒரு நாள் மிச்சமிருக்கிறது. மத்தியானம் சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம், சாயங்காலம் காபி குடிக்கும்போது என்று மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் காபி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

வருடங்கள் போயின. அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று நடந்தது: பாலத்தில் நடந்ததை அவள் தன்னைப் பற்றிய வேடிக்கைக் கதையாக ஆக்கிக்கொண்டாள். "எங்க வீட்ல எனக்கு ரெண்டு சமையல் தெரியும். ஒண்ணு அடுப்புல, இன்னொண்ணு எஞ்சின்ல" என்று விருந்தாளிகளிடம் சொல்வாள். வாயுக் கதையை நான் அன்றோடு விட்டிருந்தேன். இப்போது அவள் முறை. அவளும் நன்றாகவே சொன்னாள். சிரிப்பு வரும் வரைக்கும் நின்று நானும் சிரித்தேன்.

நான் ஓய்வுபெற்று, டாக்குரியாவில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாறியிருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் ஆகியிருந்தன. வண்டியை நிறுத்த இடமில்லை, விற்றுவிடலாம் என்று ஒரு தரகரை வரச் சொன்னேன். வந்தவர் பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டு, எஞ்சின் நன்றாக இருக்கிறதே என்று தலையாட்டினார். அப்போது அவள், யாரும் கேட்காமலே, தரகரிடம் போய் நல்ல வங்காளியில் சொன்னாள்: "உங்களை ஏமாத்தக் கூடாது. நான் ஒருமுறை இதை ஓட்டி எஞ்சினை எரிச்சிட்டேன். ஹெட்டைக் கழட்டிப் போட்டது." அவருக்கு வேண்டியது அதுதான். உடனே விலையைக் குறைக்கப் பேச ஆரம்பித்தார். என் மனைவி குற்றவாளி மாதிரி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

"இல்லை" என்றேன். பேசிக்கொண்டிருந்தது தரகரிடம் என்பதால் வங்காளியிலேயே தொடர்ந்தேன். இவள் எரிக்கவில்லை, முன்பே போயிருந்தது, எனக்குச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை, ஒயரைக் கழற்றியதும் நான்தான். என் வாழ்க்கையின் ஒரே ஒப்புதல் வாக்குமூலத்தை, பத்து வருடம் தள்ளிப்போட்டு, காது குடையும் ஒரு கார் தரகரிடம், வினைச்சொற்களைத் தப்புத் தப்பாகப் போட்டுச் செய்தேன். அவர் அலுப்போடு கேட்டுவிட்டு, யார் எரித்தாலும் கேஸ்கெட் கேஸ்கெட்தான் என்று சொல்லிக் குறைத்த விலையிலேயே நின்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் படியேறி மேலே வந்தோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபிறகு கேட்டாள்.

"போன் பண்ணச் சொன்னேனே, நீங்க பண்ணினது இதெல்லாம் தெரிஞ்ச பிறகா, முன்னாடியா?"

"பிறகு."

மீதியையும் சொன்னேன். மகாளயம் வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகத் தலைமை ஆசிரியை சொன்னதை, நான் வேண்டாம் என்றதை. வசவுக்குக் காத்திருந்தேன். எனக்குத் தகுந்த வசவுகளை நானே ஒன்றிரண்டு யோசித்தும் வைத்திருந்தேன்.

"எந்த கிளாஸ்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

சொல்லியிருந்தார். போனை வைக்கும் முன்னால், ஒரு பேச்சுக்காகச் சொன்னார். அதை நான் மறக்க முயன்று முடியாமல் வைத்திருந்தேன். "ஆறாம் வகுப்பு. போன டீச்சர் நடுவுல நின்னுட்டாங்களாம். பிள்ளைங்க ஆப்பிரிக்காவிலயே நிக்கிறாங்க, யாராவது வந்து கூட்டிட்டுப் போகணும்னு சொன்னாங்க."

"ஆப்பிரிக்காவா?" என்றாள். கை மேசைமேல் தானாக நகர்ந்து, அகலமாக ஆரம்பித்துக் கீழே குறுகிவரும் ஒரு கோட்டை விரலால் வரைந்தது. "ஆப்பிரிக்கா நான் நல்லா நடத்துவேன்" என்றாள்.

நடத்தியிருப்பேன் என்று அவள் சொல்லவில்லை. நான் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.